செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் அப்பாவை ஆட வைக்க நான்கு இரவு ஒதுக்குங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்கு வரும் ஜூனில் அறுபது நிறைகிறது. கோவையில் இருபது வருடமாக கோல்ஃப் ஆடுகிறார். ஸ்காட்லாந்து போகிறீர்கள், அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் பழைய கோல்ஃப் மைதானமான ஓல்டு கோர்ஸில் ஒரு ஆட்டம் அவருக்கு ஆடக் கிடைக்க வேண்டும். நீங்கள் இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள், அம்மா ஆடுவதில்லை. ஒரு நாள் ஒதுக்கினால் போதுமா, எப்படிப் பதிவு செய்வது, எல்லோரும் அழகு என்கிறார்களே, போட்டோவில் வெறும் புல்தரையாகத்தானே தெரிகிறது என்பவை உங்கள் கேள்விகள்.

ஒரு நாள் போதாது. நான்கு இரவு அந்த ஊரிலேயே தங்குங்கள், நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நான் பக்கத்து ஊரான டண்டியில் நான்கு வருடம் வேலை பார்த்தவன். 99ஆம் நம்பர் பஸ் ஏறி எத்தனை முறை அங்கே போனேன் என்று கணக்கில்லை. நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் எடின்பரோவிலிருந்து காலையில் கிளம்பி, முதல் டீ, அதாவது முதல் பந்தை அடித்து ஆட்டம் தொடங்கும் இடம், அதன் பக்கத்தில் நின்று நான்கு படம் எடுத்துக்கொண்டு, மாலையில் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பையில் கையுறையும் ஷூவும் வைத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். உங்கள் அப்பாவுக்கு அப்படி ஆகக் கூடாது.

முதலில் அந்த போட்டோ சமாசாரம். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். மலை, அருவி, ஏரி எதுவும் கிடையாது. பதினெட்டு குழிகளில், அதாவது டீயிலிருந்து கொடி வரை போகும் பதினெட்டுப் பகுதிகளில், பெரும்பாலானவற்றிலிருந்து கடல் கூடச் சரியாகத் தெரியாது, மணல்மேடுகள் மறைத்துவிடும். அங்கே அழகு தரையில்தான் இருக்கிறது. கடல் பின்வாங்கி விட்டுப்போன மணல், அதன் மேல் ஒட்டக் கத்தரித்ததுபோலக் குட்டைப் புல், தரை முழுக்க அலை உறைந்து நின்றதுபோல மேடு பள்ளம். உச்சி வெயிலில் இது எதுவும் தெரியாது, எல்லாம் ஒரே சமமாகத் தெரியும். நீங்கள் பார்த்த போட்டோ அநேகமாக அந்த நேரத்தில் எடுத்ததாக இருக்கும். ஜூனில் இரவு பத்து மணி வாக்கில்தான் பொழுது சாயும். ஏழரை, எட்டு மணிக்கு வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் முளைக்கும். அதுவரை தட்டையாகக் கிடந்த நிலம் அப்படியே எழுந்து நிற்கும். பின்னால் சாம்பல் நிறக் கல்லில் கட்டிய ஊர், தேவாலயக் கோபுரங்கள். மே மாதம் போனால் ஓரத்துப் புதரெல்லாம் மஞ்சள் பூவாக இருக்கும். ஊட்டியில் பார்த்திருப்பீர்கள், முள்ளோடு மஞ்சளாகப் பூத்து நிற்குமே, அதே கார்ஸ் செடிதான். வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுபோனது. அதனால் அப்பாவுக்கு அந்தப் புதருக்குள் பந்து போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏன் வேண்டும் என்றேன் தெரியுமா? அன்றைக்கு ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. பெரிய போட்டி நடக்கும் சில நாட்கள் மட்டும் விதிவிலக்கு. மற்ற ஞாயிறுகளில் அது ஊர்ப் பூங்கா. கேட் இல்லை, டிக்கெட் இல்லை. குழந்தைகள் ஓடும், பாட்டிகள் நாயைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். உலகத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் கோப்பைக்காகத் திணறிய அதே புல்லில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து நடக்கக் கூடிய நாள் அது ஒன்றுதான். அம்மாவும் கூட வருவார். அப்பா மறுநாள் ஆடுவதாக இருந்தால், எந்த பங்கர், அதாவது பந்தை விழுங்கும் மணல் பள்ளம், எங்கே ஒளிந்திருக்கிறது என்று முந்தின நாளே காலால் நடந்து பார்த்த மாதிரியும் ஆகும்.

இந்த ஞாயிறு வழக்கத்துக்கும், உங்கள் அப்பா அங்கே ஆட முடிவதற்கும் ஒரே காரணம்தான்: அந்த நிலம் ஊருடையது. 1552இலேயே பேராயர் ஜான் ஹாமில்டன் எழுதிக்கொடுத்த சாசனத்தில், அந்தக் கடற்கரை நிலத்தில் கோல்ஃப் உள்ளிட்ட விளையாட்டுகளை ஆட ஊர் மக்களுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. நடுவில் ஒரு கெட்ட காலமும் வந்தது. 1797இல் நகர சபை திவாலாகி நிலம் கைமாறி, முயல் வளர்ப்பவர்கள் கைக்குப் போனது. முயல்கள் தரையைக் குடைந்து தள்ள, ஆட்டக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் வருடக்கணக்கில் வழக்கு, கைகலப்பு. 1821இல் ஜேம்ஸ் சீப் என்கிற உள்ளூர் நிலக்கிழார் அந்த நிலத்தை வாங்கி கோல்ஃபுக்காகக் காப்பாற்றிக் கொடுத்தார். 1974இல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் ஒரு அறக்கட்டளை அமைத்தார்கள். ஓல்டு கோர்ஸையும் சேர்த்து ஏழு மைதானங்களை இன்றைக்கும் அதுதான் நடத்துகிறது. முதல் டீக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கிற கட்டடம் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புடையது, 1754இல் தொடங்கிய கிளப். அதற்குள் உறுப்பினர் அல்லாதவர் நுழைய முடியாது. ஆனால் மைதானம் அவர்களுடையது இல்லை.  உறுப்பினர் சிபாரிசு வேண்டுமோ என்று பலர் தயங்குகிறார்கள். வேண்டியதில்லை.

சரி, நேரம் வாங்குவது எப்படி? மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, அடுத்த வருடத்துக்கான முன்பதிவு விண்ணப்பம். ஆகஸ்ட் கடைசி வாக்கில் சில நாட்கள் மட்டும் திறப்பார்கள். உங்கள் ஜூன் பயணத்துக்கு அந்தக் கெடு போய்விட்டது. இரண்டாவது, பயண நிறுவனங்கள் விற்கும் தொகுப்பு. நேரம் உறுதி, ஆனால் ஓட்டல் அறை, மற்ற மைதானங்கள் எல்லாம் சேர்த்துக் கட்டிக்கொடுப்பதால் செலவு பல மடங்கு ஆகும். வேறு வழியே இல்லை என்றால் தவிர இதை நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, குலுக்கல். இதுதான் உங்களுக்கு. ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் பிற்பகல் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். இணையத்திலேயே கொடுக்கலாம், காசு கிடையாது. அன்று மாலைக்குள் முடிவு வந்துவிடும். திங்கட்கிழமை ஆட சனிக்கிழமை, செவ்வாய் ஆட ஞாயிறு, புதன் ஆட திங்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. குலுக்கலில் தனி ஆள் சேர முடியாது. இரண்டு முதல் நான்கு பேர் கொண்ட குழுவாகத்தான் கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் அதிகாரபூர்வ ஹேண்டிகேப் சான்று இருக்க வேண்டும். ஹேண்டிகேப் என்பது ஆட்டத் திறமையைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது. உங்களிடம் அது இல்லை என்பதுதான் இப்போது சிக்கல்.

இங்கே உங்களுக்கு இரண்டு தெரிவு இருக்கிறது. அப்பாவைத் தனி ஆளாக அனுப்பலாம். தனியாக வருகிறவர்களுக்கென்று வேறொரு குலுக்கல் இருக்கிறது. இரண்டு பேராகவோ மூன்று பேராகவோ ஆடுகிற குழுக்களில் காலியாக இருக்கும் இடங்களை அதில் நிரப்புவார்கள். முன்பெல்லாம் இதற்காக நடு ராத்திரியிலேயே போய் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். 2024 மார்ச்சில் அந்த வரிசையை எடுத்துவிட்டு, முந்தைய நாள் காலை 9 முதல் மாலை 5 மணிக்குள் நேரில் போய்ப் பதிந்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். பாஸ்போர்ட்டும் ஹேண்டிகேப் சான்றும் கையில் இருக்கட்டும். நேரில் போக வேண்டும் என்பதால்தான் எடின்பரோவில் தங்காதீர்கள் என்கிறேன்.

இன்னொரு தெரிவு, நீங்களே இப்போதிருந்து ஜூனுக்குள் ஒரு ஹேண்டிகேப் வாங்குவது. உலகப் பொது ஹேண்டிகேப் முறைப்படி 54 குழிகளின் ஸ்கோர், அதாவது மூன்று முழு ஆட்டம், முறையாகக் கையெழுத்தோடு கொடுத்தால் போதும். ஆனால் 54 என்கிற உச்ச ஹேண்டிகேப்போடு போனால் ஓல்டு கோர்ஸில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இந்த மாதங்களில் ஒழுங்காகப் பயிற்சி எடுத்து எண்ணைக் குறைக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன். அப்பா அந்த முதல் டீயில் நிற்கும்போது பக்கத்தில் யாரோ முன்பின் தெரியாதவர் நிற்பதைவிட நீங்கள் நிற்பது வேறு விஷயம். முடியாமல் போனால் கவலையில்லை, தனி ஆள் குலுக்கல் இருக்கவே இருக்கிறது. அங்கே சேர்ந்து ஆடுகிற அந்நியர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடு வருகிறவர்கள், எல்லோருக்கும் அது வாழ்நாள் ஆசையாக இருப்பதால்.

அதனால் சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்து புதன் மாலை கிளம்புவதுபோலத் திட்டம் போடுங்கள். திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று வாய்ப்பு. நான் முதல் முறை இரண்டு நாள் விடுப்பு போட்டுவிட்டுக் காத்திருந்தேன், கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மூன்றாவது குலுக்கலில் பெயர் வந்தது. மூன்று முறையும் வராமல் போகிறவர்களும் உண்டு என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

கட்டணம் 2025இல் உச்ச சீசனில் ஒருவருக்கு 340 பவுண்டு. வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. இதற்கு மேல் கேடிக்கு, அதாவது பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து வழி சொல்பவருக்கு, ஒரு தொகை, அவருக்குத் தனியாக டிப்ஸ். அதற்கு ரொக்கம் வைத்திருங்கள். கேடி வைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கவே வேண்டாம், வையுங்கள். வேறு எந்த மைதானத்திலும் இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். இங்கே பாதி அடிகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தை நோக்கி அடிப்பவை. "அந்தக் கோபுரத்துக்கு இடது பக்கம் ஒரு கை தள்ளி" என்று அவர் சொல்வார். நமக்கு அங்கே ஒன்றும் தெரியாது, நம்பி அடிக்க வேண்டும். மேட்டைத் தாண்டிப் போனால் பந்து ஃபேர்வேயின், அதாவது புல் வெட்டிய ஆட்டப் பாதையின், நடுவில் கிடக்கும். தவிர, பேட்டரி வண்டி சாதாரணமாகக் கிடையாது, முழுக்க நடைதான், ஏழு கிலோமீட்டருக்குக் குறையாது. அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை, ஆனால் எதிர்க்காற்றில் ஏழு கிலோமீட்டர் என்பது நம் ஊர்ப் பத்துக்குச் சமம். இப்போதே தினமும் நடக்கச் சொல்லுங்கள்.

ஆட்டத்தைப் பற்றி அவருக்குச் சில குறிப்புகள். மண் முழுக்க மணல் என்பதால் தரை இறுகிக் கிடக்கும், விழுந்த பந்து நிற்காமல் ஓடும். கோவையில் உயரத் தூக்கி அடித்து, கொடி நிற்கும் வழவழப்பான புல்தரையான கிரீனில் பொத்தென்று நிறுத்திப் பழகிய கைக்கு முதல் நாலைந்து குழி திண்டாட்டமாக இருக்கும். கிரீனுக்கு முப்பது கெஜம் வெளியிலிருந்தே பட்டர் என்கிற உருட்டும் மட்டையை எடுத்து உருட்டுங்கள். உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். சந்தேகம் வந்தால் இடது பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். மைதானம் கடலோரமாகவே போய், கொக்கிபோல வளைந்து, அதே வழியில் திரும்பி வருகிறது. போகும்போதும் சரி வரும்போதும் சரி, இடது பக்கம் எதிர்த்திசை ஃபேர்வே விரிந்து கிடக்கும். வலது பக்கம்தான் புதரும் எல்லைக்கோடும். முதல் குழியும் பதினெட்டாம் குழியும் ஒரே ஃபேர்வேயைப் பகிர்ந்துகொள்கின்றன, அகலம் 129 கெஜம். முதல் அடிக்கு அத்தனை இடம் இருந்தும், சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் கை நடுங்கத்தான் செய்யும்.

இன்னொரு விசேஷம் இரட்டை கிரீன்கள். ஒரே பெரிய கிரீனில் இரண்டு கொடி. போகும் வழிக்கு வெள்ளை, திரும்பும் வழிக்குச் சிவப்பு. அப்படி ஏழு கிரீன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு குழி எண்ணையும் கூட்டினால் பதினெட்டு வரும்: இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும், இப்படியே. கோல்ஃபுக்குப் பதினெட்டு குழி என்கிற கணக்கே இங்கிருந்து வந்ததுதான். 1764வரை ஒரு சுற்றுக்கு 22 குழி ஆடினார்கள். சில குழிகளை இணைத்தபோது 18 ஆனது, பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது.

பங்கர்கள் மொத்தம் 112, பலவற்றுக்குப் பெயர் உண்டு. பதினான்காம் குழியில் இருப்பதன் பெயர் நரகம். ஆனால் நான் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றது பதினேழாம் கிரீனை ஒட்டிய ரோடு பங்கரைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் விளிம்பில் மண்டியிட்டுப் பார்த்தேன். சுவர் மணலில் செதுக்கியது இல்லை. புல்லை வேரும் மண்ணுமாகச் செவ்வகத் துண்டுகளாக வெட்டி, செங்கல் அடுக்குவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் விரல் நுனி நுழையும், உள்ளே ஈரம். சில வரிசைகளில் பழைய புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. காற்றும் மழையும் கரைக்கக் கரைக்க மறுபடி அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வாய் சின்னது, ஆனால் சுற்றியுள்ள தரை முழுக்க அதை நோக்கியே சரிந்திருக்கிறது. கிரீனில் போய் உட்கார்ந்த பந்துகூட உருண்டு வந்து அதில் விழும். 1978இல் அங்கே நடந்த ஓப்பன் என்கிற பெரிய போட்டியில் ஜப்பானின் டாமி நகாஜிமாவுக்கு அதுதான் நடந்தது. கிரீனிலிருந்து பட் செய்த பந்து உள்ளே போய், வெளியே வர நான்கு அடி ஆனது, அந்தக் குழியில் மொத்தம் ஒன்பது. அப்பாவின் பந்து அதில் விழுந்தால் கொடியை மறந்துவிட்டுப் பின்பக்கமாக வெளியே தட்டிவிடச் சொல்லுங்கள். கிரீனுக்கு அந்தப் பக்கம் தார் ரோடு, அதற்கு அப்பால் கல் சுவர். ரோட்டில் விழுந்த பந்தை ரோட்டிலிருந்தே ஆட வேண்டும்.

குலுக்கலில் வராத நாட்களில் சும்மா இருக்க வேண்டாம். ஓல்டு கோர்ஸை ஒட்டியே இருக்கிற நியூ கோர்ஸ், பெயர்தான் புதிது, 1895இல் போட்டது. முன்கூட்டியே பதியலாம், கட்டணமும் வெகுவாகக் குறைவு. தரை அதே தரைதான். கடல் பார்த்தபடி ஆட வேண்டும் என்றால் ஊருக்குக் கிழக்கே பாறைக்கரை மேலே 2008இல் திறந்த காசில் கோர்ஸ் இருக்கிறது. அங்கிருந்து ஊரும் கடலும் சேர்ந்து தெரியும். நீங்கள் போட்டோவில் எதிர்பார்த்த அழகு அதுதான். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடியும் என்றால் நான் நியூ கோர்ஸுக்குத்தான் போவேன். அப்பாவுக்கு அது ஓல்டு கோர்ஸுக்கு ஒத்திகையாகவும் இருக்கும். உங்களுக்கு பால்கோவ் என்று ஒன்பது குழி மைதானம் இருக்கிறது, கற்றுக்கொள்கிறவர்களுக்கென்றே வைத்திருப்பது.

அம்மாவுக்கு ஹிமாலயாஸ். சிரிக்காதீர்கள், உண்மையான பெயர் அது. முதல் டீக்குப் பக்கத்திலேயே குன்றும் குழியுமாக ஒரு பெரிய பட்டிங் மைதானம். பெண்களுக்கென்று 1867இல் தொடங்கிய கிளப்புடையது, பொதுமக்களுக்கும் சில பவுண்டுகளில் திறந்துவிடுகிறார்கள். ஆடத் தெரியாதவர்கள்கூட ஒரு மணி நேரம் சந்தோஷமாக உருட்டலாம். அப்புறம் பாழடைந்த பழைய கதீட்ரல். அதன் கல்லறைத் தோட்டத்தில்தான் ஓல்டு டாம் மாரிஸ் இருக்கிறார். 1865 முதல் இந்த மைதானத்தைப் பராமரித்து, இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். அப்பா அங்கே போகாமல் வர மாட்டார்.

போக்குவரத்து எளிது. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு 1969க்குப் பிறகு ரயில் கிடையாது. எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை ரயிலில் சுமார் ஒரு மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் பத்துப் பதினைந்து நிமிடம். ஜூன் என்றாலும் பகலில் பதினைந்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், காற்று வேறு. காற்றும் மழையும் புகாத மேலங்கி ஒன்று ஆளுக்கு வாங்கிவிடுங்கள், குடையை நம்பாதீர்கள். சில காலைகளில் கடலிலிருந்து ஒரு மூடுபனி வரும். அங்கே அதற்கு ஹார் என்று பெயர். பத்தடி தூரம் தெரியாது, பிறகு அரை மணியில் ஒன்றுமே நடக்காததுபோல விலகிவிடும். பயணத்தை ஒரு வருடம் தள்ளிப்போடும் யோசனை இருந்தால், 2027 ஜூலையில் ஓப்பன் போட்டி அங்கே நடக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்தக் கோடையில் அறை கிடைப்பதே கஷ்டம்.

கடைசியாக அந்தச் சின்னக் கல் பாலம், ஸ்வில்கன் பாலம். பதினெட்டாம் குழியில் ஓடையைத் தாண்ட இருப்பது, பத்து எட்டு வைத்தால் கடந்துவிடலாம். எல்லோரும் அதன் மேல் நின்று படம் எடுப்பார்கள், அப்பாவும் ஆசைப்படுவார். ஆடும் நாளில் பின்னால் வரும் குழு காத்துக்கொண்டிருக்கும், அவசரமாகத்தான் எடுக்க முடியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் மூன்று பேரும் நடந்து போய் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆடும் அன்றைக்கு அம்மா பதினெட்டாம் கிரீனுக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைக் கம்பி வேலி ஓரமாக நிற்கட்டும். கடைசிப் பந்தை உருட்ட அப்பா வரும்போது பத்தடி தூரத்தில் இருப்பார். அங்கே வழிப்போக்கர்கள் நின்று கைதட்டுவது வழக்கம்.

குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கும் கெடு: ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால், பிற்பகல் 2 மணி. போனில் அலாரம் வைக்கும்போது இந்திய நேரமா அங்கத்திய நேரமா என்று ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.